முப்பது சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. உங்கள் வீட்டில் எல்லா முழங்கால்களும் நலமென்று நம்புகிறேன்.

நிற்க. லிஃப்ட் கம்பெனியில் என் முப்பத்தொரு வருட மெக்கானிக் வேலை போன மாதத்தோடு முடிந்தது. ஓய்வூதியத்தை ஆயுள் முழுக்க மாதாமாதம் வாங்குவதா (எனக்குப் பிறகு பாதி உங்கள் தங்கைக்கு வரும்), இல்லை மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிவிடுவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. நீங்கள் சொன்ன நிதி ஆலோசகர் அம்மாவிடம் போனேன். நான் நாற்காலியை இழுப்பதற்குள், "ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ஃபீஸ்" என்றார். பேச்சுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் கூட வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் இன்னொரு ஆலோசகரை அனுப்பினார். டை கட்டினவர். ஃபீஸே கிடையாது மச்சான்! வீட்டுக்கே வந்து, நான் எவ்வளவு ரிஸ்க் தாங்குவேன் என்று கண்டுபிடிக்க ஒரு படிவத்தை நீட்டினார். "முப்பது சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது முதல் கேள்வி. நமக்குத் தெரியாத விழுதலா? பத்து மாடியில் முப்பது சதவீதம்னா மூணு மாடி. அவ்வளவு தூரம் லிஃப்ட் விழவே விழாது, அதுக்குள்ள பிரேக் பிடிச்சுக்கும். அதனால "ஒன்றும் செய்யமாட்டேன், அமைதியாக இருப்பேன்" என்ற கட்டத்துல டிக் போட்டேன். மனுஷன் எழுந்து என் கையைக் குலுக்கி, "சார், உங்களை மாதிரி துணிச்சலான ஆளை நான் பார்த்ததே இல்லை. மொத்தமா வாங்கி எல்லாத்தையும் பங்குச் சந்தையில போட்டுடலாம்"னாரு. அஞ்சு வருஷம் பணத்தை வெளிய எடுக்க முடியாதாம், அதுக்குப் பேரு லாக்-இன்னாம். நான் எத்தனை பேரை லிஃப்டுக்குள்ளேர்ந்து வெளிய எடுத்திருக்கேன், எனக்கா பயம்? "கதவு திறக்கலேன்னா அடிக்கிற மணி எங்க இருக்கு?"ன்னு மட்டும் கேட்டேன். வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. அடுத்த பக்கத்தைப் புரட்டினாரு.

அப்பதான் உங்க தங்கச்சி உள்ளேயிருந்து வந்து, "ஃபீஸ் வாங்கலைன்னா உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு யாரு கொடுக்கிறா?"ன்னு கேட்டுட்டா. எனக்கு மானமே போச்சு மச்சான். "நான் எதை விக்கிறேனோ அந்தக் கம்பெனிக்காரங்க ஏதோ கொடுப்பாங்கம்மா"ன்னு அவர் டையைத் தடவினாரு. நான் குறுக்க புகுந்து, காட்டின இடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டேன். கடைசிப் பக்கத்துல மனைவி கையெழுத்தும் வேணுமாம். போட்டுத் தபால்ல சேர்த்துடுன்னு அவகிட்ட கொடுத்தேன். "சரி"ன்னா. கல்யாணமானதுலேர்ந்து அவ இவ்வளவு சுருக்கமா ஒத்துக்கிட்டது இதுதான் முதல் தடவை.

ஆகவே, இனி இது பற்றி அறிவுரை எழுதித் தபால்தலையை வீணாக்க வேண்டாம். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள் அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: அண்ணா, நான்தான். கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருக்காரு. அந்த டைக்காரரோட படிவத்துல நான் கையெழுத்துப் போடல, தபால்லயும் சேர்க்கல. நீங்க சொன்ன ஆலோசகர் அம்மாவுக்கு ஃபீஸ் கட்டி ஒரு மணி நேரம் பேசிட்டு வந்தேன். முப்பத்தொரு வருஷம் இவர் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினாரு. சாயங்காலம் படியேறி வர்ற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு உயிரே இருக்காது. இனிமேலும் அப்படிப் பயந்துக்கிட்டு உட்கார என்னால ஆகாது. மாசாமாசம் வாங்குறதுன்னு வேற படிவம் வாங்கி வச்சிருக்கேன். வியாழக்கிழமை ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறோம். அவருக்கு இன்னும் தெரியாது.