கிண்ணத்தில் நடந்த கலப்பு மணம்

உலகத்தின் ஒழுங்கு எங்கள் கடலுயிர் ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில்தான் கட்டிக்காக்கப்படுகிறது. அங்கே கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் என்னுடையது.

நாங்கள் ஆராய்வது எள்ளில் பாதியளவுள்ள கடற்பூச்சிகளை. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். பெரிய மீசையுள்ள வகை தனிக் குடும்பம் என்று இயக்குநர் அறிவித்து, தன் பெயரையே அதற்கு அடக்கத்தோடு சூட்டியிருந்தார். மீசையில்லாத குண்டு வகை, எதிர் அறைப் பேராசிரியரின் பெயர் தாங்கிய வேறொரு குடும்பம். இருவரும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே பூச்சிகளுக்குள்ளும் ஒட்டுறவு கிடையாது என்பது "நிலைநாட்டப்பட்ட உண்மை".

இருவருமே சாராயப் புட்டியில் ஊறிய பூச்சியை மட்டுமே ஆராய்ந்தவர்கள். செத்தது எதிர்த்துப் பேசாது. விஞ்ஞானத்துக்கு அதுதான் வசதி. நுண்ணோக்கி உதவியாளர் ஒருத்திதான் இரண்டு வகையையும் ஒரே கிண்ணத்தில் உயிரோடு வளர்த்துத் தொலைத்தாள். ஏழு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தர உத்தரவு இயக்குநர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்தா உண்மையைச் சொல்வாள்?

"சார், இது வேற வேற குடும்பம் இல்ல. புருஷன் பொண்டாட்டி."

அவசரக் கூட்டம் கூடியது.

"கண்ணால பாத்தீங்களா?" என்றார் இயக்குநர்.

"மூணு தடவை. மீசையால பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல சார்."

"சண்டையா இருக்கும்."

"முட்டை பொரிச்சிருச்சு சார்."

பேராசிரியர் ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக இயக்குநரைப் பார்த்து, "இது ஒழுக்கக்கேடு சார்," என்றார்.

"நானும் அதையேதான் நினைச்சேன் சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தீர்மானம்: இரண்டையும் தனித்தனிப் புட்டியில் சாராயத்தில் போடுவது, ஒன்றும் பார்க்கவில்லை என்று உதவியாளர் எழுதிக் கொடுத்தால் இன்றே நிரந்தர உத்தரவு.

"பாத்தது பாத்ததுதான் சார்," என்று பையை எடுத்துக்கொண்டாள். பிழைக்கத் தெரியாதவள்.

வாசலில் என்னை நிறுத்தினாள். "அண்ணே, நீங்களாவது ஒருதரம் பாத்துட்டு எழுதுங்க."

திரும்பிப் போய் நுண்ணோக்கியில் பார்த்தேன். அம்மா அப்பாவைச் சுற்றி இருபது குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. கம்பளிப்பூச்சி பட்டாம்பூச்சி சாயலில் இல்லாத மாதிரி, குஞ்சு எதுவும் இருவர் சாயலிலும் இல்லை. கூட்டத்தில் போய்ச் சொன்னேன்; அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. சாட்சிக் கையெழுத்து ஒன்றுதான் குறை. "இவை இவற்றுக்குப் பிறந்தவை அல்ல" என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலையே குஞ்சுகள் மூன்றாவது குடும்பமாக அறிவிக்கப்பட்டன. அந்தக் குடும்பத்துக்கு என் பெயர்.