சர்வர் ஏன் நிற்கிறது என்று கேட்ட மாமாவுக்கு

கே.கே. நகர், மதுரை
புதன்கிழமை

அன்புள்ள அனந்தபத்மநாபன் மாமாவுக்கு,

மாதங்கி அநேக நமஸ்காரம். இங்கே இவரும் குழந்தைகளும் க்ஷேமம். என் சர்வர் மட்டும் க்ஷேமமாக இல்லை. திருப்பரங்குன்றத்தில் மாமிக்கு முழங்கால் வலி தேவலையா?

"உங்க கல்யாண வெப்சைட்ல பிருந்தாவுக்கு ஒரு வரன் பார்த்து அமுக்கினா, சக்கரம் சுத்திண்டே இருக்கு. ஏன்னு எழுத்துமூலமா பதில் சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். அதிகாரியாக இருந்து ரிட்டையரானவர், வாய்வார்த்தையை ஏற்க மாட்டீர்கள். போனில் உங்களிடம் பேச எனக்கும் இடம் கிடைக்காது.

எங்கள் சர்வரை ஒரே ஒரு குளியலறை உள்ள கூட்டுக்குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அமுக்கியதும் உங்கள் காரியத்தைப் பார்க்க உள்ளே ஒரு குட்டி வேலையாள் கிளம்புவான். அவனுக்கு த்ரெட் என்று பெயர். இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. யாரையும் வெளியே பிடித்து இழுக்க முடியாது. அவனவனாகக் கதவைத் திறந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். ஒருத்தன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மொத்தக் குடும்பமும் தோளில் துண்டோடு வாசலில் நிற்கும். அந்த ஒருத்தன் யார் என்று தேடுவதுதான் கொஞ்ச நாளாக என் பிழைப்பு.

தேடுவதற்கு ப்ரொஃபைலர் என்று ஒரு கருவி இருக்கிறது. நொடிக்கு நொடி சர்வரைப் போட்டோ பிடிக்கும். பிடித்த அத்தனை போட்டோவிலும் மூடிய குளியலறைக் கதவுதான் இருந்தது. இந்தக் குட்டி த்ரெட்கள் எங்கள் புரோகிராம் தானாகப் பெற்று வளர்த்தவை, கம்ப்யூட்டருக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது, உள்ளே யார் என்று அது எப்படிச் சொல்லும்? சரியென்று, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒவ்வொருத்தனும் நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று எழுதினேன். குறிக்கிற வேலையிலேயே வரிசை இன்னும் நீண்டுவிட்டது. குறிப்பைப் பார்த்தால் ஒருத்தனும் குற்றவாளி இல்லை, எல்லாரும் சமர்த்தாக நுழைந்து சமர்த்தாக வெளியே வந்திருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிற்கிற நேரத்துக்காவது ஓர் ஒழுங்கு உண்டா? திங்களன்று ஒன்பது மணி, சனிக்கிழமை பத்தரை, வெள்ளியன்று பன்னிரண்டு. பேய் பிடித்ததுபோல.

ஜாதகப் பொருத்தம் பார்க்கிற பகுதியை எழுதியவன் எங்கள் டீமில் இருக்கும் கிரீஷ், போன தையில்தான் கல்யாணமானவன். பத்துப் பொருத்தத்தையும் ஒரே மூச்சில் பார்க்கிறானே, தாழ்ப்பாள் இவனுடையதுதான் என்று நான் சந்தேகப்பட்டேன். அவன் ரோஷப்பட்டு, ஒவ்வொரு பொருத்தத்துக்கும் நடுவில் இடம் விடும்படி மாற்றி எழுதினான். தினப் பொருத்தம் பார்த்து வெளியே வந்து, வரிசையில் நின்று, கணம் பார்த்து வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று, ரஜ்ஜுவுக்கு வருவதற்குள் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நிச்சயமே ஆகிவிடும் போலிருந்தது. "மேடம், இனிமே என் த்ரெட் உள்ளயே போகாது. வாசல்லயே நிக்கும். போதுமா?" என்று கேட்டவன், அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேலிடத்தோடு கூட்டம். மேலாளருக்குக் காரணமெல்லாம் வேண்டாமாம். "ஒரே ஒரு பேர் சொல்லுங்க மேடம், அந்த ஆளை அனுப்பிட்டாச் சரியாயிடும்" என்கிறார். கிரீஷ் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. என் பெயரையே கொடுத்துவிடப் போகிறேன். நாற்பத்தாறு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுத்தவர் இடம் விடுகிறாரா என்று பார்ப்பது ஒன்றுதான் போலிருக்கிறது. இவரிடம் சொல்லி அழுதேன். "நீ ஆத்துல இருந்தா காப்பியாவது நேரத்துக்கு வரும்" என்றார். அது ஆறுதலாம். உங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை இருந்தால் சொல்லுங்கள். பிருந்தாவுக்கும் வேறு தரகரைப் பாருங்கள்.

மாமிக்கு என் நமஸ்காரம். பிருந்தாவுக்கு ஆசீர்வாதம், சர்வர் தர முடியாததைப் பெருமாள் தரட்டும்.

இப்படிக்கு,
தானாக இடம் விடப்போகும் உங்கள் மருமாள்,
மாதங்கி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நீங்களே போன் பண்ணினீர்கள். "பேஷான ஜாதகம் ஒண்ணு வந்திருக்குடி. ஒன்றரை வரைக்கும் ராகு காலம். அது போனதும் அமுக்கறேன். இன்னிக்காவது நிக்காம ஓடறதா பாப்போம்" என்றீர்கள். அதற்குமேல் நீங்கள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. திங்கள் ஒன்பது, சனி பத்தரை, வெள்ளி பன்னிரண்டு: எல்லாமே ராகு காலம் முடிகிற நேரம். மாமா, உள்ளே ஒருத்தனும் தாழ்ப்பாள் போடவில்லை. பிள்ளையையும் பெண்ணையும் பெற்ற அத்தனை பேரும் விரலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்து, ஒரே நொடியில் அமுக்குகிறீர்கள். உள்ளே இருப்பவனையே சோதித்துக்கொண்டிருந்த நான், வாசலுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணவே இல்லை. கிரீஷைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எங்கப்பாவும் அப்படித்தான் அமுக்குவார் மேடம்" என்றான். பேசிவிட்டான். கூட்டம் வருகிற நேரத்துக்கு மட்டும் இன்னொரு குளியலறை திறந்துவிட்டால் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். டீச்சர் வேலை வேண்டாம். மேலாளர் கேட்ட பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன்: ராகு. கூடவே, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு மேல் மாற்றச் சொல்லியிருக்கிறேன். எதற்கு வம்பு.