முட்டத்தில் மஞ்சளான மாப்பிள்ளை

சூரியன் மறைவதை ரசிக்கத் திறமை தேவையில்லை. அது மறைவதற்குள் வரைந்து முடிக்கத்தான் தேவை. இதைத் தெரிந்துகொள்ள நான் என் கல்யாணத்தையே பணயம் வைத்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம். மாப்பிள்ளை வினோத் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். நான் படம் வரைவேன் என்று அப்பா பெருமையடிக்கப்போக, "அப்பம் எம் பிள்ளைய ஒண்ணு வரஞ்சு காட்டு மக்கா" என்றார் வினோத்தின் அம்மா. வெளிச்சம்தான் ஓவியத்தின் உயிர் என்று வீடியோக்களில் கற்றிருந்த நான், அந்தி நேரத்தில் முட்டம் கடற்கரையில்தான் வரைவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். (வீட்டில் டியூப் லைட் நன்றாகவே எரிந்தது.) இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போனோம்.

வினோத்தைப் பாறைமேல் உட்கார வைத்தேன். வெயில் அவர் முகத்தில் மஞ்சளாக விழ, மஞ்சள் பூசினேன். மூக்கை முடிப்பதற்குள் வெளிச்சம் ஆரஞ்சாகிவிட்டது. கன்னத்துக்கு ஆரஞ்சு. சரி, வானத்தைத் தீட்டலாம் என்று நிமிர்ந்தால், அது ஊதாவாகியிருந்தது.

வருங்கால மாமியார் எட்டிப் பார்த்தார். "இதென்ன மக்கா, இவனுக்கு மஞ்சக்காமாலையா?"

"வெளிச்சம் மாமி" என்றேன்.

பதற்றத்தில் முகத்திலும் கொஞ்சம் ஊதாவைச் சேர்த்தேன். காமாலை தெளிந்து, யாரோ அடித்துப்போட்ட முகமாயிற்று. அதை மறைக்க நிழல் போட்டேன். நிழல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவே, கடலுக்கும் நிழல் போட்டேன். கடைசியில் படம் முழுக்க இருட்டிவிட்டது.

கால் மரத்துப்போன வினோத் நொண்டியபடி வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்க?"

தொட்டுக் காட்டினேன்.

"அது பாறைல்லா?"

பாறைதான். அவர் அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தார்.

திரும்பி வந்து வேனிலிருந்து இறங்குகையில் மாமி அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, பிள்ளைக்குக் கண்ணு காட்டிப் பாத்திருக்கியளா?"

சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளே அப்பா என்னை நாகர்கோவிலில் கண் டாக்டரிடம் அழைத்துப்போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் அப்பாவின் முகம் வாடியது.

மாமி பெருந்தன்மையாக நடந்துகொண்டார். "கண்ணு நல்லாருந்தா போதும். படம் வச்சா குடும்பம் நடத்தப் போறாவ?"

கல்யாணம் நடந்து, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இன்றும் கரண்ட் போய் வீடே இருட்டானால், மெழுகுவர்த்தி தேடுவதற்கு முன் மாமியின் குரல்தான் வரும்:

"ஏலே வினோத், உன் படம் நல்லாத் தெரியுது, வந்து பாரு!"