தொண்டை கட்டிய சங்கும் என் சாக்சபோனும்

எனக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. சாக்சபோன் வாசிப்பவள் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் முதலில் இதைத்தான் சொல்லிவிடுவேன். இல்லையென்றால் "நம்ம பையன் கல்யாணத்துல ஒண்ணு வாசிங்களேன்" என்று கேட்டுவிடுவார்கள். நான் வாசித்தால் முகூர்த்தத்துக்கு நான் பொறுப்பில்லை.

நான் வாசிக்கும் இசைக்கு மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, எழுதி வைத்த ஸ்வரம் கிடையாது. மேடையில் ஏறும்வரை என்ன வாசிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. (இறங்கிய பிறகும் பல நாள் தெரிந்ததில்லை.) பெங்களூரிலும் கொச்சியிலும் இதற்கென்றே சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அங்கே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற புண்ணியவான்கள் சிலர் வருவார்கள். நோட்டீசில் என் பெயருக்குக் கீழே 'தானாகவே கற்றவர்' என்று போடுவார்கள். "வேற யார் மேலயும் பழி வரக் கூடாதுன்னு போட்டிருக்காங்க" என்பார் என் கணவர்.

அப்படித் தானாகவே கற்றுக்கொண்டிருந்த காலத்தில் என் முதல் கச்சேரி நடந்தது. அது கச்சேரி என்று எனக்கும் தெரியாது, வந்தவர்களுக்கும் தெரியாது.

தேயிலை விலை படுத்துக்கிடந்த வருஷங்கள் அவை. குன்னூர்ப் பக்கம் அரவேணுவுக்கு மேலே ஒரு சின்ன எஸ்டேட்டும் அதற்குள்ளேயே ஒரு ஃபேக்டரியும் இருந்தன. அங்கே நான் கிளார்க். தூளை வாங்க ஆளில்லாமல் மூட்டைகள் கூரையைத் தொட்டதும் முதலாளி எல்லோரையும் வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார். கோயம்புத்தூர்க்காரர். அதட்டிப் பேச வராதவர். அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார். "இப்போதைக்கு மூடறேனுங்க. வெல ஏறுனதும் சங்கு ஊதறேன். சங்கு கேட்டா எல்லாரும் வந்துருங்க, பழைய வேலை பழையபடி."

சங்கு என்றால் கூரை மேல் இருந்த மின்சாரச் சங்கு. அந்த மலையில் ஒவ்வொரு ஃபேக்டரிச் சங்குக்கும் ஒரு குரல் உண்டு. தூக்கத்தில் கேட்டாலும் எது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். எங்களுடையதுக்குத் தொண்டை கட்டியிருக்கும். கரகரவென்று அடியில் ஆரம்பித்து, பாதி ஏறியதும் ஒரு விக்கல் விக்கிவிட்டு, அப்புறம்தான் மேலே போகும்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எதிர்ச் சரிவில் இருந்த கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். சிலர் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கிவிட்டார்கள். சாவியை வைத்துக்கொள்ளவும், தபால் வந்தால் வாங்கவும் ஓர் ஆள் வேண்டுமே என்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார் முதலாளி. ஃபேக்டரியில் எலிகளுக்கும் எனக்கும்தான் வேலை போகவில்லை.

சாக்சபோன் வந்து சேர்ந்தது அப்போதுதான். குன்னூரில் என் மாமா பழைய சாமான் கடை வைத்திருந்தார். தோட்டத் துரைமார் போய்வந்த கிளப் ஒன்று தள்ளாட ஆரம்பித்து, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது மொத்தமாக வாங்கிப் போட்டார். விரிசல் விட்ட பீங்கான் தட்டுகள், ஒற்றைக் கண்ணோடு ஒரு காட்டெருமைத் தலை, அதற்குப் பக்கத்தில் இந்தச் சாக்சபோன். அதன் வாயில் மாமா குடையைச் செருகி வைத்திருந்தார்.

"இத்தனை மூடி எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டுப் போயி ஊதிப் பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு. நானும் தெரிஞ்சுக்கறேன்" என்றார். குடையை மட்டும் உருவிக்கொண்டார்.

ஊதினால் காற்று மட்டும் வந்தது. வாயில் வைக்கும் இடத்தில் ஒரு நாக்கு இருக்க வேண்டும், அது உடைந்துபோயிருந்தது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கொழுந்துக் கூடையிலிருந்து ஒரு மூங்கில் பட்டையை உருவி, சீவி, உப்புத்தாளில் தேய்த்து நானே ஒரு நாக்கு செய்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் ஊதிப் பார்த்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். "பக்கத்தூட்டு மாடு கன்னு போடுதோன்னு நெனச்சேன். ஊட்டுக்குள்ள இது வேண்டாம் கண்ணு, ஆகாது."

எனக்கென்ன, பூட்டிக்கிடந்த ஒரு ஃபேக்டரியே கையில் இருந்தது. மறுநாள் முதல் அதன் மாடிக்குப் போய்விட்டேன். பச்சை இலையை வாட்டுகிற மாடி அது. நீள நீளமாக மரத்தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்கும் கம்பிவலைத் தட்டு, அதன் கீழே காற்று போக நீளச் சுரங்கம், சுரங்கத்தின் வாயில் பெரிய மின்விசிறி. இலையும் இல்லை, ஆளும் இல்லை. பாட்டு வாசிக்கத்தான் முதலில் பார்த்தேன். நான் தேடிப் போன சுரம் வராமல் கெட்டில் கொதிக்கிற சத்தம் வந்தது. அடுத்த முயற்சியில் கொண்டை ஊசி வளைவில் திணறும் ஜீப் வந்தது. குன்னூரில் தேநீர் ருசி பார்க்கிறவர்கள் கரண்டியால் சர்ரென்று உறிஞ்சுவார்களே, அதுவும் அச்சாக வந்தது. பாட்டை விட்டுவிட்டு இந்த மூடியைப் பாதி திறந்தால் என்ன, பல்லால் நாக்கை லேசாகக் கடித்தால் என்ன, மூச்சு தீர்ந்த பிறகும் ஊதினால் என்ன என்று பார்க்க ஆரம்பித்தேன். உலகத்தில் இப்படி வாசிக்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள், அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உலகத்திலேயே மோசமான சாக்சபோன்காரி நான்தான் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் காலையில் நல்ல மஞ்சு. எதிரே இருந்த சரிவே தெரியவில்லை. தொட்டியின் சுரங்கத்துக்குள் ஊதினால் என்ன ஆகும் என்று திடீரென்று தோன்றியது. (இந்த 'என்ன ஆகும்' என்பதை யாராவது என் நாக்கிலிருந்து அறுத்திருக்கலாம்.) மின்விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே சாக்சபோனின் வாயை நுழைத்து, எல்லா மூடிகளையும் அழுத்தி, இருந்த மூச்சையெல்லாம் விட்டேன்.

அடியிலிருந்து கரகரவென்று கிளம்பியது. மூங்கில் நாக்கு பாதியில் ஒருமுறை விக்கியது. அப்புறம் மேலே, மேலே போனது. மரத்தொட்டி முழுக்க அதிர்ந்து, ஜன்னல் கண்ணாடி எல்லாம் கிடுகிடுத்தன. இவ்வளவு பெரிய சத்தம் என்னிடமிருந்தா என்று நம்ப முடியாமல் இன்னொரு தரம் ஊதினேன். அப்புறம் ஆசை தீர இன்னொரு தரமும்.

எங்கேயோ கேட்ட சத்தம்போல இருக்கிறதே என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே பேச்சுச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மஞ்சுக்குள்ளிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் வீட்டுக்கு ஓடி எடுத்துக்கொண்டு வந்த கூடை, இடுப்பில் சேலைமேல் சுற்றிய படங்குத் துணி. சிலர் கையில் இன்னும் கேரட் மண். சிரித்துக்கொண்டு, ஒருத்தி பின்னால் வருகிறவளை "வெரசா வா" என்று கூப்பிட்டுக்கொண்டு. முன்னால் மரகதம் அக்கா. கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர், பறிக்கிற பெண்களுக்கெல்லாம் அவர் சொன்னதுதான் சட்டம். கேட் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, "எங்க வயித்துல பால வார்த்த மகராசன் நல்லா இருக்கணும்" என்று சொல்லி, நான் படியிறங்கி ஓடி வருவதற்குள் தேங்காயை ஓங்கி உடைத்துவிட்டார்.

நான் சாக்சபோனோடு வாசலில் போய் நின்றேன்.

"என்னா கிளார்க்கம்மா, எந்திரம் எல்லாம் தொடச்சாச்சா?" என்றார் மரகதம்.

ஊதும்போது வந்ததில் கால்வாசி சத்தத்தில், "அக்கா, அது சங்கு இல்லீங்க. நான்தானுங்க" என்றேன்.

யாரும் நம்பவில்லை. அதற்குள் யாரோ கடைத்தெருவிலிருந்து முதலாளிக்கு போன் பண்ணி வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். ஜீப்பில் வந்து இறங்கியவர் சூடத்தைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"சங்க யாருங்க போட்டது?"

நான் சாக்சபோனைத் தூக்கிக் காட்டினேன்.

"என்னம்மிணி, வெளயாடறயா? எங்கே, ஊது பாக்கலாம்."

அங்கேயே ஊதினேன். கெட்டில் சத்தம் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். ஜீப் வந்தது. ருசி பார்க்கிறவர்கள் வந்தார்கள். சங்கு மட்டும் வரவில்லை. பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். "இதுக்குப் பாட்டு கீட்டு ஒண்ணும் இல்லையா புள்ள?" என்று மரகதம் அக்கறையாகக் கேட்டார். என் தொழிலில் இன்றுவரை அதிகம் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். முதலில் கேட்டவர் அவர்.

கடைசியில் எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போய், மின்விசிறிக்குள் சாக்சபோனை நுழைத்து ஊதிக் காட்டினேன்.

அது வந்தது. கரகரப்பும் விக்கலுமாக அதே சங்கு. சிரிப்பு நின்றது. மரகதம் படங்கின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, "அதே சத்தந்தான்" என்றார். அப்போதுதான், பக்கத்தில் நின்ற ஒருத்தி சொல்லி, எனக்கு உறைத்தது. கேரட் தோட்டத்து மேஸ்திரி, பாதியில் போகிறவர்கள் திரும்பி வர வேண்டாம் என்று கத்தியிருக்கிறார். அதையும் கேட்டுக்கொண்டுதான் இவர்கள் ஓடி வந்திருக்கிறார்கள். தரை பிளந்தால் சாக்சபோனோடு உள்ளே போயிருப்பேன். அழுதேன்.

முதலாளி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "சாமி பேரச் சொல்லித் தேங்கா ஒடச்சாச்சு. அப்பறம் சும்மா அனுப்பறது தப்புங்க. ஒரு நாளைக்கி ஓட்டலாம். ஒரே நாளுதான்" என்றார்.

அன்று பறித்தார்கள். கவாத்து இல்லாமல் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்த செடிகளில் கிடைத்ததைப் பறித்து, வாட்டி, மறுநாள் அரைத்தார்கள். தூள் அவ்வளவு நன்றாக வரவில்லை. ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு ஃபேக்டரியை மறுபடி பூட்டினோம். பூட்டியது நான்தான்.

பூட்டிய அன்று சாயங்காலமே கேரட் மேஸ்திரி வீட்டுக்குப் போய் நின்றேன். தப்பு என்னுடையது, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். காதில் மப்ளர் கட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தவர் கடைசியில் இரங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை. "சேத்துக்கறேனுங்க. இனி சங்கு ஊதுச்சுன்னு ஒருத்தரும் தலையக்கூடத் திருப்பப்படாது." எல்லோருக்கும் சேர்த்து நானே சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவர்களும் அதைக் காப்பாற்றினார்கள்.

ரொம்ப நன்றாகவே காப்பாற்றினார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து, விலை கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தது. முதலாளி எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு, மாலை சார்த்தி, ஒரு காலையில் தன் கையாலேயே நிஜச் சங்கைப் போட்டார். ஊதியது. நிறுத்தி மறுபடி ஊதியது. ஒரு குருவிகூட வரவில்லை.

"போயிப் பாரு அம்மிணி" என்றார்.

எஸ்டேட் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறி ஓடினேன். கேரட் தோட்டத்தில் வரிசையாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சங்கு மலை முழுக்க அலறிக்கொண்டிருந்தது. ஒருத்தி நிமிராமலே, "கிளார்க்கம்மா இன்னைக்கி நல்லா ஊதுது" என்றாள். "தேறிருச்சு" என்றாள் இன்னொருத்தி.

எனக்கு மூச்சு வாங்கியது, பேச வரவில்லை. வரப்பில் ஏறி நின்று, விரல்களை அகல விரித்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

மரகதம் அக்காதான் முதலில் நிமிர்ந்தார். என் வெறுங்கைகளைப் பார்த்தார். பின்னால் சங்கு பாதியில் விக்கி, மேலே ஏறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கேரட் கட்டு கீழே விழுந்தது. "அடியே, கிளார்க்கம்மா இங்கன நிக்குதுடி!" என்று கத்தினார். அத்தனை பேரும் ஓடினார்கள். இந்தத் தடவை அவர்களோடு நானும் ஓடினேன்.

இந்தக் கதையை என் மகளிடம் சொன்னது என் அம்மா. அதுதான் தப்பாகப் போயிற்று. எங்கள் வீட்டில் குக்கர் விசிலடித்தாலும் சரி, தெருவில் ஆம்புலன்ஸ் போனாலும் சரி, கோயில் திருவிழாவுக்கு மைக் செட் ஊளையிட்டாலும் சரி, உள்ளே இருந்து அவள் குரல் வரும். "அம்மா, கையக் காட்டு!"

நானும் எங்கே இருந்தாலும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிடுவேன். போன மாதம் கொச்சியில் வாசித்துக்கொண்டிருந்தபோது வெளியே ஏதோ கப்பல் ஊதியது. பழக்கதோஷத்தில் வாத்தியத்தை விட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினேன். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதையும் இசை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.