மானுக்கு என்ன தெரியும் எட்டாம் வகுப்பைப் பற்றி?

சாயல்குடி பக்கமிருந்து,
வெள்ளிக்கிழமை இரவு, மார்ச் 1958.

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் என் தாய்மாமன் முனியசாமி அவர்கள் சமூகத்துக்கு அக்காள் மகள் உமையாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தொடங்கிவிட்டேன். இங்கே யாரும் சுகமில்லை. அய்யாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள், என் கையெல்லாம் உடைமுள். எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் காரணம்.

அடுப்படியில் சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அய்யா விழித்தால் என் கதி என்ன ஆகும் என்று நினைக்கவே நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். கோபத்தாலும்தான்.

உங்களிடம் சும்மா கிடந்த மோட்டார் சைக்கிளை “மச்சான், இனிமே மாட்டுவண்டி எதுக்கு?” என்று சொல்லி அய்யாவின் தலையில் கட்டினீர்களே, அவர் சகுனம் பார்க்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியாதா? பரீட்சை நெருங்குவதால் எங்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்திருக்கிறார்கள். அது முடிய இருட்டிவிடுகிறது. அய்யா கருப்பட்டிச் சிப்பங்களைச் சாயல்குடிச் சந்தையில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொள்வார். வழியில் உடைமுள் அடர்ந்த உடங்காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் கண்மாய், ராத்திரியானால் மான்கள் தண்ணீருக்கு ரோட்டைத் தாண்டும். மோட்டார் வைத்திருக்கும் மற்றவர்கள் மான்மேல் மோதாமல் ஓட்டப் பார்ப்பார்கள். அய்யா மான் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஓட்டுகிறார். இடமிருந்து வலம் போனால் நல்ல சகுனம். ஹாண்டிலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிடுவார்! வலமிருந்து இடம் போனால் உடனே வண்டியைத் திருப்பி, வந்த வழியே அரை மைல் போவார். திரும்பிப் போகிறவனுக்கு அதே மான் இடமிருந்து வலம் போனதாக ஆகிவிடுமாம். “அப்ப மறுபடி வீட்டுப் பக்கம் திரும்புறோமே அய்யா?” என்று கேட்டேன். “அது வேற பயணம், நீ பேசாம உக்காரு” என்கிறார். மாட்டுவண்டியிலும் இதே வழக்கம்தான், ஆனால் மாடு நிற்கும், யோசிக்கும். புதன்கிழமை ஏழு மான். ஏழு பயணம் போய் வீடு வந்து சேர்ந்தபோது ஊரே தூங்கிவிட்டது. நான் சரித்திரப் பாடத்தை எப்போது படிப்பது மாமா, நீங்களே சொல்லுங்க.

நேற்று ஒரே ஒரு மான்தான். வலமிருந்து வந்து நடு ரோட்டில் நின்று வெளிச்சத்தையே பார்த்தது. அய்யாவுக்குத் திரும்பித் திரும்பி அலுத்துப்போயிருக்க வேண்டும். “இதை வந்த பக்கமே பத்தி விட்டுருவோம், பிடிச்சுக்க தாயி” என்று சொல்லி வண்டியை ரோட்டை விட்டுக் கீழே இறக்கிவிட்டார்! “அய்யா வேண்டாம்யா, பயமா இருக்குய்யா”ன்னு கத்துறேன், காதுல வாங்கினாத்தானே? மானை மறிக்க வண்டியை வந்த வழிப் பக்கமாக வளைத்துத் திருப்பினார். மான் எங்கள் தலைக்குமேல் தாவி அது போக நினைத்த பக்கமே போய்விட்டது. வண்டி சுழன்று முள்ளுக்குள் விழுந்தது. நாங்களும் விழுந்தோம். என் பூகோளப் படம் மூன்று துண்டு.

உங்களிடம் ஐஸ் ஏற்ற வருவாரே, கீழக்கரை முஹைதீன் அண்ணன், அவர்தான் மீன் லாரியை நிறுத்தி எங்களை இழுத்தெடுத்தார். “என்ன அண்ணே, மான் வேட்டையா?”ன்னு சிரிக்கிறார். “மானைக் கண்டா வெளக்க அமத்திட்டு நில்லுங்க, அது பாட்டுக்குப் போயிரும்” என்று புத்தியும் சொன்னார். “வெளக்க அமத்துனா அது எந்தப் பக்கம் போகுதுன்னு எப்பிடித் தெரியும்?” என்று முள்ளில் உட்கார்ந்தபடியே அய்யா அவரிடம் சண்டைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “நாலு நாளா மான் சொல்லுது, நாந்தான் கேக்கல. திங்கட்கிழமை ராமநாதபுரத்துல பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். எட்டாவது வரைக்கும் படிச்சது போதும்.” பொதுப் பரீட்சை எழுதாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு கிடையாது மாமா. கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். அந்த மானுக்கு எட்டாம் வகுப்பைப் பற்றி என்ன தெரியும்? அது தண்ணி குடிக்கத்தானே போச்சு!

ஆகையால் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து உங்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகவும். போகும்போது அதை ராமநாதபுரம் வழியாக ஓட்டவும், பின்னால் என்னை ஏற்றிக்கொள்ளவும். வராவிட்டால் உங்களை நான் மாமா என்று கூப்பிடவே மாட்டேன். விடிந்ததும் இதை முஹைதீன் அண்ணன் லாரியில் கொடுத்தனுப்புகிறேன். அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். உங்களுக்குக் கோபம் மட்டும்.

இப்படிக்கு,
உமையாள்

பி.கு: மாமா, வர வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளவும். மூன்று தாள் வீணாகிறதே என்றுதான் கிழிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் அய்யா வாசற்படியில் நிற்கிறார்! “யாருக்குப் புள்ள எழுதுற?” பயத்தில் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்: “அய்யா, மான் நம்மளத் தாண்டுறப்ப வண்டி எந்தப் பக்கம் பாத்துத் திரும்பியிருந்துச்சு?” “வந்த வழியப் பாத்து, சாயல்குடிப் பக்கம்.” “அப்ப அந்த மான் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு?” அய்யா முற்றத்தில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டி, இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, வெகுநேரம் நின்றார். பிறகு, “இடமிருந்து வலம்ல போயிருக்கு! அடி மீனம்மா, எந்திரி! புள்ளைக்குச் சோறு கட்டு!” என்று அம்மாவை எழுப்பினார். பரீட்சை திங்கட்கிழமைதானே என்றேன். “இன்னொரு மான் வர்றதுக்குள்ள போயிருவோம்” என்கிறார். வெளியே வண்டியை உதைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மூக்குக்கண்ணாடி நேற்று முள்ளில் விழுந்தது விழுந்ததுதான், இன்னும் கிடைக்கவில்லை. மான் வந்தால் எந்தப் பக்கம் போகிறது என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ராமநாதபுரம் வரைக்கும் எத்தனை மான் வந்தாலும் இடமிருந்து வலம்தான் மாமா.