பெரியவர் மீது பதினான்கு நாள் புகார்

பதினான்கே நாளில் அந்தப் பூனையைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தேன். அப்போது அது வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

நான் முப்பத்தொரு வருடம் குழாய் வால்வு செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவன். வால்வைக் கையில் எடுத்தால் போதும், எங்கே கோணல் என்று விரல் சொல்லிவிடும். நான் உள்ளே நுழைந்தால் கடைசல் எந்திரங்கள்கூடக் கொஞ்சம் அடங்கிச் சுற்றும் என்று ஒரு பேச்சு இருந்தது. பேசியது நான்தான். யாரும் மறுக்கவில்லை. ஓய்வு கொடுத்த அன்று 'தகுதியில்லை' என்ற சிவப்பு முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கண்ணை வாங்கிக்கொள்ள அவர்களிடம் படிவம் இல்லை.

அந்தக் கண்ணோடு மூன்று மாதமாக வீட்டில் இருந்தேன். சமையலறையில் எத்தனை முறைகேடுகள்! உப்பு டப்பாவில் ஈரக் கரண்டி. மூடிகள் ஒரு அலமாரியில், அவற்றின் பாத்திரங்கள் வேறு அலமாரியில். இடது அடுப்புச் சுடரின் நீலத்தில் நீலம் போதாது. எல்லாவற்றையும் அவ்வப்போது என் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருக்கிறாள். திறக்கவே மாட்டேன் என்று வருகிறவர்களைத் தாங்களாகவே வாயைத் திறக்க வைப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறாள். நான் சொன்னதையெல்லாம் சிரித்தபடியே கேட்டுக்கொண்டாள். திருந்துகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிளாஸ்டிக் கூடையோடு வந்து நின்றாள்.

"என்ன இது?"

"பூனை."

"அது தெரியுது. எதுக்கு?"

"விலங்குக் காப்பகத்துல இருந்தார். யாருமே கூட்டிட்டுப் போகல."

"இருந்தாரா?"

"வயசு பதினாலுங்க. பூனைக்கு அது நம்ம எழுபது. உங்களைவிடப் பெரியவர்."

பெரியவர் கூடையை விட்டு இறங்கினார். ஒரு கால் வரவில்லை, இழுத்துக்கொண்டு வந்தது. நேராக என் நாற்காலிக்குப் போய், மூன்று முயற்சியில் ஏறிவிட்டார்.

"கால் என்ன?"

"பின்னங்கால் ஒண்ணு மடங்காது."

"ஏய், இறங்கு! காது கேக்கலையா?"

"கேக்காதுங்க. ரெண்டும்."

"பல்லு?"

"நாலு. அதுல ஒண்ணு ஆடுது."

"வேற?"

"சக்கரை வியாதி. காலைல ஏழு, சாயங்காலம் ஏழு, ஊசி. கொஞ்சம் கோவக்காரர்."

"இதுல வேலை செய்யற பாகம்னு ஏதாவது இருக்கா?"

"வயிறு," என்றாள்.

காப்பகத்தின் விதிப்படி பதினான்கு நாள் வைத்துப் பார்க்கலாமாம். சரிப்பட்டால் நமக்கு. இல்லையென்றால் மறுபடியும் கூண்டு.

"உங்களுக்கு வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே விட்டுட்டு வந்துடறேன்," என்றாள்.

அங்கேதான் என் கௌரவத்தைத் தொட்டுவிட்டாள். பார்த்ததும் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன கத்தரிக்காயா வாங்குகிறேன்? ஆய்வு செய்யாமல் ஒரு திருகாணியைக்கூட நான் நிராகரித்ததில்லை.

"அனுப்பத்தான் போறேன். ஆனா காரணத்தோட அனுப்புவேன். பதினாலு நாளும் குறை எழுதி, கையில குடுத்து அனுப்புவேன்."

"நல்லா எழுதுங்க. எழுத்துல இருந்தாத்தான் அவங்களும் நம்புவாங்க."

நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் எழுதினேன்: உருப்படி, ஒன்று. ஆண். சாம்பல் நிறம். பழையது.

முதல் நாள் குறிப்பு: 'காலை 9.40. நாற்காலியை விட்டு இறங்கும்படி உருப்படிக்கு உத்தரவிட்டேன். பலன் இல்லை. உரக்க உத்தரவிட்டேன். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்தார். உருப்படி வரவில்லை.'

இந்த வீட்டில் இதுவரை என் பேச்சைக் கேட்காதவர் ஒருவர்தான். இப்போது இருவர். இரண்டாமவரிடமாவது மருத்துவச் சான்றிதழ் இருந்தது.

இரண்டாம் நாள் அது குடித்த தண்ணீரை அளந்தேன். முந்நூறு மில்லி. பூனையா, ஒட்டகமா? அது சிறுநீர் கழிக்கும் தட்டில் நனைந்த மணலையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. சமையலறைத் தராசைக் கேட்டேன்.

"எடுத்துக்கோங்க. நீங்களே வச்சுக்கோங்க," என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் மாலை ஊசியில் தகராறு வந்தது. அதுவரை நான் பக்கத்தில் போகவில்லை. ஊசி அவள் கொண்டுவந்த வம்பு, அவளே போடட்டும் என்று செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். அன்று செய்தித்தாளுக்கு மேலாகப் பார்வை போய்விட்டது.

"நில்லு. உள்ளே காத்து இருக்கு."

"சின்னக் குமிழிதாங்க."

"ரெண்டே யூனிட் மருந்துல ஒரு குமிழின்னா எவ்வளவு குறையும் தெரியுமா? மணி வேற ஏழு நாலு."

"நாலு நிமிஷம்தானே."

"தானேவா?"

"எனக்கு என்னங்க தெரியும். கை வேற நடுங்குது பாருங்க."

நடுங்கியது. நல்ல நடுக்கம்.

"இப்படிக் குடு."

கொடுத்தாள். கொடுத்த வேகத்தை அன்றே நோட்டில் குறித்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன். குமிழியைத் தட்டி வெளியேற்றி, கழுத்துத் தோலைத் தூக்கி, ஊசியை ஏற்றி எடுத்தேன். உருப்படி தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இதைப் பாசம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். தவறாகக் கையாளப்பட்ட உருப்படியின் மீது எழுதும் குறை செல்லாது. ஆய்வின் நேர்மைக்காகப் போட்டேன். மறுநாள் காலையும் அதே நேர்மைக்காக ஆறரைக்கே எழுந்தேன்.

குறைகள் பெருகின. சமையலறைப் பக்கம் திரும்ப எனக்கு நேரமே இல்லை. ஏழாம் நாள், குதிகாலால் தரையை இரண்டு முறை உதைத்தால் உருப்படி அதிர்வை உணர்ந்து திரும்பிப் பார்க்கிறது என்று கண்டுபிடித்தேன். உறுதிப்படுத்த நாற்பது முறை உதைத்தேன். கீழ் வீட்டுக்காரர் மறுபடியும் வந்தார்.

"சார், டான்ஸ் கத்துக்கறீங்களா?"

"ஆய்வு நடக்குது."

"யாரை?"

கதவைச் சாத்தினேன்.

பதினோராம் நாள் மனைவி வேலைக்குப் போன பிறகு, பத்து மணி இருக்கும். உருப்படி நாற்காலியிலிருந்து இறங்கி, நான்கு அடி வைத்து, பக்கவாட்டில் சாய்ந்தது. தரையை உதைத்தேன். திரும்பவில்லை. பலமாக உதைத்தேன். கீழ் வீட்டுக்காரர்கூட வரவில்லை. காப்பகம் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"டாக்டர், அவர் நிக்க மாட்டேங்கறார்! கண்ணு எங்கேயோ பாக்குது!"

"சார், நான் கால்நடை டாக்டர். உங்க அப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்கு—"

"பூனை! பூனையைச் சொல்றேன்!"

"ஊசி போட்டீங்களா? எத்தனை மணிக்கு? எவ்வளவு சாப்பிட்டுச்சு?"

"ஏழு ஒண்ணுக்கு ரெண்டு யூனிட். சாப்பாடு நாப்பத்திரண்டு கிராம். ஏழு அம்பதுக்கு வாந்தி, இருபத்தாறு கிராம். ஒம்பது மணியிலேர்ந்து இடது காது துடிக்குது."

"நீங்க யாரு சார்?"

"புகார்தாரர்."

"சக்கரை இறங்கிடுச்சு. சக்கரைத் தண்ணியைக் கெட்டியாக் கரைச்சு விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. தடவிட்டு உடனே கிளம்பி வாங்க. நிமிஷத்தைக் கடத்தாதீங்க."

சாப்பாட்டு மேசையில் இருந்த சர்க்கரையைக் கரைத்துத் தடவினேன். மூன்றாம் முறை தடவும்போது உருப்படி நான்கு பல்லாலும் என் விரலைக் கடித்தது. அவ்வளவு நல்ல கடியை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. உயிர் இருக்கிறவன்தான் அப்படிக் கடிப்பான். கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். காலில் ஒரு செருப்பு மனைவியுடையது.

மதியம் இருவரும் திரும்பினோம். நோட்டில் எழுதினேன்: 'மிகப் பெரிய குறை. சற்றும் நம்பத் தகாத உருப்படி. திரும்பியது முதல் என் மடியை விட்டு இறங்கவில்லை. நான் இறக்கிவிடாததற்குக் காரணம், கையில் கட்டு.'

மாலையில் மனைவி வந்தாள். மடியைப் பார்த்தாள். கட்டைப் பிரித்து விரலைப் பார்த்தாள்.

"நாலும் ஒரே வரிசையில பதிஞ்சிருக்கு. கடிமானம் பிரமாதம்," என்றாள். அவள் தொழில் அவளுக்கு. ஆனால் கட்டைத் திரும்பக் கட்டும்போது நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

பதினான்காம் நாள், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் காப்பகத்தை நடத்தும் அம்மா வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை பழைய கீறல்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன்.

"மொத்தம் நூத்துப் பதினேழு குறைகள். எல்லாம் தேதி, நேரம், அளவோட இருக்கு. படிச்சுப் பாத்துட்டு உருப்படியை எடுத்துக்கலாம்," என்று நோட்டை நீட்டினேன்.

படித்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. மனைவி வைத்த தேநீர் ஆறியது. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, தோற்றவர்களிடம் காட்ட வேண்டிய கருணையை முகத்தில் வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், நான் எத்தனையோ வீடு பாத்திருக்கேன். இப்படி ஒரு பராமரிப்புக் குறிப்பைப் பாத்ததில்ல," என்றார்.

"பராமரிப்பு இல்லம்மா. புகார்."

"சக்கரை இறங்கப் போகுதுன்னா இவர் இடது காது துடிக்கும்னு எழுதியிருக்கீங்க. எங்க டாக்டருக்கே தெரியாது."

"குறை எண் எழுபத்தாறு."

"எனக்குத் திருப்தி. இவர் இங்கேயே இருக்கலாம்."

"எனக்கு இல்லையே! தகுதியில்லாத உருப்படின்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கேனே!"

"சார், பூனைக்குத் தகுதி பாக்க நான் எதுக்கு வரணும்? உங்களுக்குப் பாக்கத்தான் வந்தேன்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு வால்வுகூட என்னிடம் இப்படித் திரும்பிப் பேசியதில்லை.

"உங்க வீட்டம்மா சொன்னது சரியாப் போச்சு," என்றார் அந்த அம்மா.

"என்ன சொன்னா?"

"மொதல்ல குட்டிங்களைத்தான் காட்டினேன். 'குட்டியில என்னம்மா குறை இருக்கப் போகுது? எங்க வீட்டுக்காரருக்கு நாள் முழுக்க வேலை வேணும். இருக்கறதுலயே அதிகக் குறை உள்ளவரைக் குடுங்க'ன்னாங்க. ஒரு மாசமா சனிக்கிழமை தவறாம வந்து இவருக்கு ஊசி போட்டாங்க. எங்க ஆளுங்க யாருக்கும் அப்படி ஆடாத கை கிடையாது."

சனிக்கிழமைகளில் மருத்துவமனையில் கூட்டம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கை நடுங்கிச்சே?"

"நடுங்கிச்சுங்க. கண்ணாடி முன்னால ரெண்டு நாள் பழகினேன்."

"எல்லாம் எதுக்கு?"

"சமையலறைக்குள்ள நீங்க கால் வச்சு பதினாலு நாள் ஆச்சு. அலமாரியையே எதிர்ச்சுவருக்கு மாத்திட்டேன். பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். சில நேரங்களில் மனிதன் எழுந்து நின்றே ஆக வேண்டும்.

"இது மோசடி. நான் சம்மதிக்க மாட்டேன். கூட்டிட்டுப் போங்க!"

அந்த அம்மா கூடையைத் திறந்தார். உருப்படி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினார். மடங்காத கால் அந்தரத்தில் தொங்கியது. முதல் தடவையாக மனைவி முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்தக் காலை அப்படித் தொங்க விடக்கூடாது. குறை எண் ஒம்பது, படிச்சீங்கதானே?" என்றேன்.

"சரி சார்."

"மணி ஆறு நாப்பத்தஞ்சு. ஏழு மணி ஊசி யாரு போடுவாங்க? வழியிலயா? குமிழியோடயா?"

"பாத்துக்கறோம் சார்."

"என்னத்தைப் பாத்துப்பீங்க? இடது காது துடிக்குதான்னு ராத்திரி கூண்டு பக்கத்துல யாரு உக்காந்து பாப்பா? இறக்குங்க முதல்ல. இப்படிக் குடுங்க."

வாங்கிக்கொண்டேன். அதுவும் ஆய்வின் நேர்மைக்காகத்தான். ஒரு கையில் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையில் பேனாவை எடுத்தேன். படிவத்தில் 'முதன்மைப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் என் பெயர் ஏற்கெனவே இருந்தது. மனைவியின் குண்டுக் கையெழுத்து. தேதி, அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை.

"கையெழுத்து போடறேன். ஆனா என் எதிர்ப்பை எழுத்துல பதிவு பண்ணாம போட மாட்டேன்!" என்று இருவரையும் பார்த்துச் சொன்னேன்.

"பின்பக்கம் பாருங்க," என்றாள் மனைவி.

படிவத்தைத் திருப்பினேன். அதே குண்டுக் கையெழுத்தில் 'எதிர்ப்பு இருந்தால் இங்கே எழுதவும்' என்றிருந்தது. அதன் கீழே அளவுகோல் வைத்து நான்கு கோடுகள் போட்டிருந்தாள்.

எழுதி முடித்தேன். சரியாக நான்கு வரிதான் வந்தது.