சேராத கதவு

"சேரலையே, மாஸ்டர்."

புதன்கிழமைக்காரர் இதைச் சொல்வது மூன்றாவது முறை; மூன்று முறையும் வந்தது புதன்கிழமைதான். பட்டறை வாசலில் காரை நிறுத்தி இறங்கினார். இடது பக்க முன்கதவுக்கு நான்கடி தள்ளி நின்று, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் மாஸ்டரும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அவரோ தானே ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போலக் கூனிக் குறுகிச் சொன்னார். அதனால் மாஸ்டருக்கு வாய் வரவில்லை.

மாஸ்டர் என்றால் கலர் மாஸ்டர். அந்தப் பட்டறையில் அடிபட்டு வரும் வண்டிகளை ஒருவர் தட்டி நேராக்குவார். இன்னொருவர் பள்ளம் மறையப் பட்டி பூசித் தேய்ப்பார். பழைய பெயிண்டோடு புதுப் பெயிண்ட் ஒட்டிப் போகிற மாதிரி கலர் கலக்கி அடிப்பது மாஸ்டர் வேலை. அவர் அடித்த கதவு எது, கம்பெனியிலிருந்து வந்த கதவு எது என்று வண்டிச் சொந்தக்காரர்களே தடுமாறுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான். "கலர் சேராவிட்டால் இலவசமாகத் திரும்ப அடித்துத் தரப்படும்" என்று முதலாளி வாசலில் பலகை மாட்டியிருந்தது அந்தக் கண்களை நம்பித்தான். அதுவரை ஒருவர்கூட அந்தப் பலகையைக் காட்டிப் பேசியதில்லை.

இந்தக் கார் சாம்பல் நிறம். சாம்பல் என்று சொல்லிவிடலாம், கலக்குகிறவனுக்குத்தான் தெரியும் அதன் அருமை. உள்ளே கொஞ்சம் நீலம் இருக்கும், கொஞ்சம் கறுப்பு இருக்கும், வெள்ளிப் பொடி வேறு மினுக்கும். நேரே பார்த்தால் ஒரு முகம், பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு முகம். கேட் தூணில் உரசி நசுங்கிய அந்தக் கதவுக்கு மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கலர் கலக்கியிருந்தார். முதல் தடவையே சேர்ந்துவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றியது.

"எப்படி சார் சேரலை? பச்சை அடிக்குதா?"

புதன்கிழமைக்காரர் தலையை மறுபக்கம் சாய்த்தார். "ம்... பச்சைதான். பச்சையேதான்."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கைப்பிடிக்குக் கீழே பச்சை அடிக்கிற மாதிரிதான் இருந்தது.

"உட்காருங்க சார். ஒரு சொட்டு சிவப்பு விட்டா அமுங்கிடும்."

அந்த வார்த்தைக்குக் காத்திருந்தவர்போல அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெயிண்ட் அடித்துக் காயும்வரை ஆசாமி அசையமாட்டார். மாஸ்டர் டின்னில் குச்சியை விட்டுக் கலக்குவார், இவர் பேசிக்கொண்டே இருப்பார். முழங்கால் வலி, சொட்டுகிற குழாய், எதிர்வீட்டுக்காரர் நாய், போன வருஷம் இறந்துபோன மனைவி கார்க் கதவை எவ்வளவு பூவாகச் சாத்துவாள் என்பது எல்லாம் வரும். மாஸ்டர் பாதி கேட்டும் கேட்காமலும் "உம்" கொட்டுவார். அவருடைய கவனமெல்லாம் சொட்டுகளை எண்ணுவதில் இருந்தது.

அடுத்த புதன்கிழமை வந்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். மாஸ்டருக்குப் புதன் கிடைத்துக்கொண்டே இருந்தது.

"சேரலையே, மாஸ்டர்."

"சிவப்பு தூக்கலா இருக்கா?"

"அதேதான்! எப்படி டக்குனு கண்டுபிடிச்சீங்க?"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தப் பாராட்டில் மாஸ்டருக்கே ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்தது. பிறகுதான், தன் வேலையிலிருக்கும் குறையைக் கண்டுபிடித்ததற்குத் தன்னையே பாராட்டுகிறார்கள் என்பது உறைத்தது.

ஒற்றைக் கதவைச் சுரண்டிச் சுரண்டி அடித்தால் ஆகாது, பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் இழுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று பின்கதவிலும் அடித்தார். அதற்கடுத்த வாரம் பின்கதவுக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் சேரவில்லை. அதையும் அடித்தார். முன்னால் விட்டுவைப்பானேன் என்று முன்சக்கரத்துக்கு மேலேயும் அடித்தார். கடைசியில் காரின் இடது பக்கம் முழுக்கப் புதுசாகிவிட்டது, வலது பக்கம் பழசாக நின்றது.

"இப்ப இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேரலையா சார்?" என்றார் மாஸ்டர்.

புதன்கிழமைக்காரர் இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், மாஸ்டர்."

அன்றைக்கு வீட்டுக்குப் போன மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஐம்பத்தைந்து வயதில் வெளுத்த துணியையும் அழுக்குத் துணியையும் மாற்றி மாற்றி மடித்து வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டே வருஷத்தில் கண் தெரியாமல் போய், அவளைக் கையைப் பிடித்து நடத்த வேண்டியதாயிற்று. மாஸ்டருக்கு அடுத்த மாதம் ஐம்பத்தைந்து. கண் போனால் அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. வாழ்நாள் முழுக்க அவர் கற்றதெல்லாம் பார்ப்பது ஒன்றைத்தான்.

தையல் மெஷினில் இருந்த மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, இந்த நூல் இந்தத் துணிக்குச் சேருதான்னு பாருங்க."

மாஸ்டர் இரண்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "சேருது... சேரலையோ?"

"சேருதா, சேரலையா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் நினைக்கிறதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? கல்யாணமான நாள்லேர்ந்து நூல் பார்த்துச் சொல்றது நீங்கதானே?"

மாஸ்டர் நூல்கண்டை அவள் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அவள் மெஷினை நிறுத்தினாள்.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் எழுத்துகளைக் காட்டினார், விளக்கடித்துப் பார்த்தார், புள்ளி புள்ளியாக வண்ணம் போட்ட அட்டையைக் காட்டினார். மாஸ்டர் எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னார்.

"உங்க கண்ணு பிரமாதமா இருக்கு. என் கண்ணைவிட நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மனைவி பெருமூச்சு விட்டாள். "கேட்டீங்களா? ஒண்ணுமில்லையாம்."

"அவர் அட்டையைத்தானே காட்டினார்? சாம்பல் கலரையா காட்டினார்?" என்றார் மாஸ்டர். "அந்த சாரே நாலடி தள்ளி நின்னு கண்டுபிடிக்கிறார். நான் மூக்கை வெச்சுப் பார்த்தும் தெரியலை. அப்ப யாருக்குக் கண்ணு போச்சு?"

கணக்கு அவளுக்கும் சரியாகத்தான் பட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு டாக்டரம்மாவின் வெள்ளைக் கார் வந்தது. வெள்ளையில் என்ன கஷ்டம்? மாஸ்டருக்கு அதிலும் பச்சை தெரிந்தது. பச்சையை அமுக்கச் சிவப்பு விட்டார், சிவப்பை அமுக்க நீலம் விட்டார். வண்டி ஒரு பக்கம் சலவைக்குப் போன மாதிரியும் ஒரு பக்கம் சலவைக்குப் போகாத மாதிரியும் வெளியே போனது. அடுத்து ஒரு மஞ்சள் டாக்ஸி. டாக்ஸிக்காரர் தன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "மாஸ்டர், இது ரெண்டு வண்டியை ஒட்டவெச்ச மாதிரி இருக்கே. எனக்குப் பாதி சவாரிதான் ஏறும்போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டுக் கம்ப்ரஸருக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் பொறுக்கவில்லை. மாஸ்டரே போய் அவர் மேஜை முன்னால் நின்றார்.

"முதலாளி, என் கண்ணு போயிடுச்சு."

"என்ன பேச்சு இது? ஒரு மாசம் லீவு எடுங்க."

"லீவு போட்டா கண்ணு திரும்பி வருமா? வேற ஆளைப் பாருங்க. உங்க பேரைக் கெடுத்துட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை."

"உங்களை அனுப்ப எனக்கு மனசு வராது. வண்டி கழுவுற இடத்துல நில்லுங்க. தண்ணிக்குக் கலர் கிடையாது" என்றார் முதலாளி. ஆறுதலாகத்தான் சொன்னார். அது எப்படிக் குத்தும் என்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமையே வேறு பட்டறையிலிருந்து புது மாஸ்டர் வந்துவிட்டார். பழைய மாஸ்டர் தன் டின்களை வரிசையாகக் காட்டி, எந்த மூடி இறுக்கம், எந்தக் கரைசல் சீக்கிரம் கெட்டியாகும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் ஸ்ப்ரே கன்னைத் துடைத்து நீட்டும்போது விரல் விடமாட்டேன் என்றது.

புதன்கிழமை கார் வந்து நின்றது.

"சேரலையே, மா—" என்று ஆரம்பித்தவர், மாஸ்டரின் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்து நிறுத்தினார்.

"சார், என்னை மன்னிச்சுடுங்க. ஒன்பது வாரமா உங்களை அலைய வெச்சுட்டேன்" என்றார் மாஸ்டர். "எனக்குக் கண்ணு போயிடுச்சு. கலர் வேலையை விட்டுட்டேன். உள்ள புது மாஸ்டர் இருக்கார், அவர் சரியா அடிச்சுக் கொடுப்பார்."

புதன்கிழமைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, இல்லை மாஸ்டர். நல்லாத்தான் இருக்கு. சேருது. ரொம்ப நல்லா சேருது. முதல் நாளே சேர்ந்துடுச்சு!"

"வேண்டாம் சார்." மாஸ்டர் கையை உயர்த்தித் தடுத்தார். "ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதீங்க. உங்க வண்டியைப் பார்த்து இங்க எல்லாரும் என் முகத்துக்காக நல்லா இருக்குன்னாங்க. உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

புதன்கிழமைக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். உள்ளேயிருந்து புது மாஸ்டர் "வண்டியை உள்ளே விடுங்க சார்" என்று கூப்பிட, தள்ளாடிப் போய்க் காரில் ஏறி, ஸ்டூலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. மாஸ்டருக்கு ஏனோ அந்த நாள் மட்டும் நீளமாக இருந்தது. யாரும் முழங்காலைப் பற்றியும் குழாயைப் பற்றியும் பேசவில்லை. நாய் என்ன ஆயிற்று என்றுகூடத் தெரியவில்லை.

மூன்றாவது புதன்கிழமை அந்தச் சாம்பல் கார் வந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண்.

"வண்டி கழுவணும்ங்க. அப்பாவோட வண்டி."

"சார் வரலையாம்மா? உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வாரமா வீட்டைவிட்டு நகரவே மாட்டேங்கறார். பேச்சும் இல்லை. அம்மா போன புதுசுல இருந்த மாதிரி ஆயிட்டார். முன்னெல்லாம் புதன்கிழமைன்னா காலையிலேயே குளிச்சுட்டுத் தயாரா இருப்பார். சாயங்காலம் வந்து, மாஸ்டர் இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார்னு ஒரே கதை. நீங்கதானா அந்த மாஸ்டர்?"

மாஸ்டர் "உம்" என்றுதான் சொன்னோம், வேறென்ன சொன்னோம் என்று யோசித்தார். குழாயை மூடிவிட்டு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா. இப்ப மாஸ்டர் இல்லை. சார் வராததுக்கு நான்தான் காரணம். கடைசிவரைக்கும் அந்தக் கதவுக்கு என்னால கலர் சேர்க்க முடியலை. பச்சை அடிக்குது, சிவப்பு தூக்குதுன்னு அவர் ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் பார்த்துச் சொன்னார். என் கண்ணுக்குத்தான் தெரியலை. அவராலதான் எனக்குக் கண்ணு போனதே தெரிஞ்சுது. என்மேல கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லும்மா."

"அப்பாவா பார்த்துச் சொன்னார்?" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே பச்சையும் சிவப்பும் ஒண்ணுதாங்க. சிக்னல்ல மேல எரியுதா கீழ எரியுதான்னு பார்த்துத்தானே வண்டியே ஓட்டுவார்!"